கணக்கு உதைக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். ஊர், மதுரை போகும் சாலையில் இருக்கிறது. வாரம் ஒரு நாள் வீட்டுக்குப் போவேன், மற்ற நாள் கடை விடுதியில்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கடை அடைக்க நேரமாகிவிட்டது. பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. நான் எப்போதும் போகும் பஸ் கிளம்பிப் போயிருந்தது. நின்றுகொண்டிருந்த ஒரு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிக்கெட் கொடுக்கும்போதுதான் கண்டக்டர் சொன்னார்: "இது ஊருக்குள்ள போகாதும்மா. பைபாஸ்லதான் இறங்கணும், பரவால்லயா?" வேறு வழி இல்லை, சரி என்றேன். அண்ணனுக்குப் போன் செய்து பைபாஸுக்கு வரச் சொன்னேன்.

வழியில், முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டியை விராலிமலையில் இறக்கி, அங்கே நின்ற டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார் அந்தக் கண்டக்டர். அதனால் கொஞ்சம் தாமதம்.

எங்கள் ஊர் பைபாஸில் இறங்கும் இடத்தில் ஒரு மேம்பாலம், பக்கத்தில் சர்வீஸ் ரோடு. லைட் கிடையாது. இருக்கிற ஒரு டீக்கடையும் சீக்கிரமே மூடிவிடும். நான் இறங்கினேன், அண்ணனைக் காணவில்லை. (பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான், அது பிறகுதான் தெரிந்தது.) கண்டக்டர் படியில் நின்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். விசில் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. டிரைவரிடம் சத்தமாக, "ஒரு நிமிஷம் இருண்ணே, கணக்கு உதைக்குது, பாத்துக்கிறேன்" என்றார். உள்ளே எல்லா லைட்டையும் போடச் சொன்னார். டிக்கெட் மெஷினையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். உள்ளே இருந்து ஒருவர், "மதுரைக்கு எப்பங்க போய்ச் சேர்றது? கணக்க டெப்போல போய்ப் பாருங்க" என்று கத்தினார். "இந்தா முடிஞ்சிருச்சு சார்" என்றார் இவர். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். அண்ணன் வந்த வண்டியின் வெளிச்சம் தெரிந்ததும் நிமிர்ந்து, "உங்க ஆளா?" என்று கேட்டார். "அண்ணன் சார்" என்றேன். நோட்டை மூடினார், இரண்டு விசில் அடித்தார், பஸ் போய்விட்டது. நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

கடவுள் மாதிரி வந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடையில் கூட வேலை பார்க்கும் தோழி, பஸ் நம்பர், தேதி எல்லாம் போட்டு ஃபேஸ்புக்கில் எழுது, வைரலாகும், அவருக்கும் நல்லது என்கிறாள். பஸ் கிளம்பியபோது பின்பக்கத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணனோ, "பயணியப் பத்திரமா இறக்கி விடறது அவர் வேலை. அதுக்குத்தான சம்பளம் வாங்குறாரு?" என்கிறான். அவன் சொல்வதும் சரிதானோ என்று குழப்பமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? போடலாமா?

(பெயர் வேண்டாம் அக்கா.)

---

அன்புள்ள தங்கைக்கு,

பெயரோடு ஊரையும் எடுத்துவிட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என் சித்தப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் கடிதத்தை அவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். கணக்கு உதைக்குது என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டார். "மெஷின் வந்தப்புறம் கணக்கு எங்கம்மா நடுரோட்டுல உதைக்கும்? புளுகியிருக்கான். ஆனா பழைய ஆளுதான், சந்தேகமே இல்ல" என்றார்.

பழைய ஆள் என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், காகித டிக்கெட் காலத்தில் கட்டணம் மாறும் ஒவ்வொரு ஸ்டேஜிலும், ஒவ்வொரு விலை டிக்கெட் கட்டிலும் எந்த எண் வரை கிழித்திருக்கிறது என்று வேபில்லில், அதாவது கண்டக்டரின் கணக்குத் தாளில், எழுத வேண்டும். கூட்டமான பஸ்ஸில் ஸ்டேஜ் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் போட்டு முடியாது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு மிச்ச டிக்கெட்டையும் போட்டு, எண்களை எழுதி முடித்த பிறகுதான் விசில் கொடுப்பார்கள். செக்கிங் ஏறிவிட்டால் தொலைந்தது அல்லவா? பஸ் நடுவழியில் நிற்கும், கண்டக்டர் எழுதிக்கொண்டிருப்பார், ஜனங்கள் முணுமுணுப்பார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். இன்று எண்ணெல்லாம் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கண்டக்டர் காலாவதியான ஒரு காரணத்தை எடுத்து வீசியிருக்கிறார், பஸ்ஸும் அதை நம்பியிருக்கிறது.

எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்தது இந்தப் புளுகுதான். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "பொண்ணு தனியா நிக்குது, ஆள் வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். ஒருவர் பாவம் என்பார். ஒருவர் இந்த நேரத்துல எதுக்குத் தனியா வரணும் என்பார். ஒரு பெரியவர் உங்களைக் கூப்பிட்டு யார் வீட்டுப் பெண், அண்ணன் என்ன செய்கிறான் என்று விசாரணையே வைத்திருப்பார். நம் ஆட்களை உங்களுக்குத் தெரியாதா? அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் தலை குனிந்து நின்றிருப்பீர்கள். அத்தனை எரிச்சலையும் கணக்குத் தெரியாத கண்டக்டர் என்ற பெயரோடு அவர் தன் தலையில் வாங்கிக்கொண்டார். கத்தியவரிடம் ஒரு பதில்கூட உரக்கச் சொல்லவில்லை.

அப்புறம் அந்த லைட். மெஷினில் திரை வெளிச்சம் இருக்கிறது. நோட்டில் நாலு வரி எழுதுவதற்கு பஸ் முழுக்க லைட் எதற்கு, படிக்கட்டுப் பக்கம் வந்து உட்காருவது எதற்கு? லைட் இல்லாத சர்வீஸ் ரோட்டில் நீங்கள் நின்ற இடத்தில் வெளிச்சம் விழ வேண்டும், நீங்கள் அவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். இதை யாரும் அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான முறை ஆட்களை இருட்டில் இறக்கிவிட்டுப் போன ஒருவருக்குத்தான் இது தோன்றும். இறக்கிவிட்டு விசில் கொடுத்த பிறகு பின்னால் திரும்பிப் பார்த்து, அந்த ஆள் என்ன ஆனாரோ என்று நினைத்திருப்பார் போல.

டிரைவரை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அவர் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கூடவே ஓடும் டிரைவருக்கு அந்தக் கணக்கு பொய் என்று தெரியாமல் இருக்காது. வண்டி மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குத் தாமதமாகப் போனால் டைம் கீப்பரிடம் பதில் சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர். அடுத்த நடைக்குக் கிளம்பும் நேரம் மாறாது. பத்து நிமிடம் தாமதமென்றால் பெரும்பாலும் அது இரண்டு பேரின் சாப்பாட்டு நேரத்திலோ படுக்கும் நேரத்திலோதான் கழியும். நான்குவழிச் சாலையில் ஓரமாக ஒரு பஸ்ஸை நிறுத்தி வைப்பதும் லேசான காரியம் இல்லை. பின்னால் வரும் லாரிக்காரர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் என்ன ஆவது என்ற பயம் எந்த டிரைவருக்கும் இருக்கும். இத்தனையும் தெரிந்துதான் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அண்ணன் விஷயம். வேலைதானே என்று அவர் சொல்வதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். கடவுள் மாதிரி என்று நீங்கள் சொல்வதைவிட அது எனக்குப் பரவாயில்லை என்றே தோன்றுகிறது. கடவுளுக்கு டைம் கீப்பர் கிடையாது, மெமோ கிடையாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு மனிதர் வேலைக்கு நடுவே செய்த காரியம் இது, அதை அந்த வேலையோடு சேர்த்துப் பார்ப்பதுதான் அவருக்கு மரியாதை.

ஆனால் எது வேலை என்று அண்ணனிடம் கொஞ்சம் கேளுங்கள். டிக்கெட் போடுவது, கணக்கை ஒப்படைப்பது, ஆளை ஏற்றி இறக்குவது, நேரத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பயணிகளிடம் மரியாதையாகப் பேசுவது. இறக்கிவிட்ட பிறகு ஆள் வரும்வரை காத்திருப்பது இதில் எங்கே வருகிறது? அந்த வேலையின் கணக்குவழக்கு எவ்வளவு இறுக்கமானது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. டியூட்டி ஏறும்போது சட்டைப் பையில் இருக்கும் சொந்தப் பணத்தைக்கூட வேபில்லில் எழுதிவிட வேண்டும். செக்கிங்கில் பணம் குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. டிக்கெட் இல்லாமல் ஒரு ஆள் அகப்பட்டால் அந்த ஆளுக்கு அபராதத்தோடு போய்விடும், கண்டக்டருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். சித்தப்பா சொல்வார்: "ஒருத்தன் கையில காசில்லன்னு நின்னா, என் காசப் போட்டு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டுத்தான் பாவம்னு நினைக்க முடியும். கிழிக்காம நினைச்சா எனக்கு வேலை போயிரும்." பரிதாபப்படுவதற்கும் டிக்கெட் கிழிக்க வேண்டிய வேலை அது. அதற்குள்தான் இவர்கள் இரண்டு நிமிடம், பத்து நிமிடம் என்று இடம் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் பாட்டிக்கு வருகிறேன். "அதனால் கொஞ்சம் தாமதம்" என்று முடித்துவிட்டீர்கள். நான் உங்களுக்குத் தனியாக எழுதி, அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன் அல்லவா? நீங்கள் அனுப்பிய பதிலை மற்ற வாசகர்களுக்காக இங்கே சுருக்கிச் சொல்கிறேன். பாட்டி பூக்கூடையோடு ஏறியிருக்கிறார். அவர் இறங்க வேண்டியது விராலிமலை தாண்டி ஏதோ ஒரு விலக்கு. இந்த பஸ் அங்கே நிற்காது. கண்டக்டர் அவருக்கு விராலிமலை வரைக்கும்தான் டிக்கெட் போட்டார். விராலிமலையில் டவுன் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. இவர் இறங்கி ஓடி, அந்த பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினார். பாட்டியைக் கைப்பிடித்து இறக்கி, கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வைத்து, அந்தக் கண்டக்டரிடம் சொன்னது இது: "பாட்டிக்குக் காது கேக்காது. விலக்கு வந்தா சத்தம் போட்டுட்டு இருக்காத, நீயே கிட்டப் போயி எறக்கிவிடு."

என்னைக் கேட்டால் உங்களுக்காக நின்ற பத்து நிமிடத்தைவிட இது பெரிது. உங்கள் விஷயத்தில் ஆபத்து கண்ணுக்கு முன்னால் இருந்தது. இளம்பெண், இருட்டு, தனிவழி. மனிதர் யாராக இருந்தாலும் கொஞ்சமாவது மனசு இடித்திருக்கும். பாட்டி விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லை. விராலிமலையில் இறக்கிவிட்டு "அடுத்த பஸ்ல போ ஆத்தா" என்றிருந்தால் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். டிக்கெட் போடும் அந்த அரை நிமிடத்திலேயே பாட்டிக்குக் காது மந்தம் என்பதைக் கவனித்திருக்கிறார். விராலிமலைவரை மட்டும் டிக்கெட் போட்டால் மிச்ச தூரம் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். 2021 மே 8-ஆம் தேதியிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாதே, அந்த வசதியைப் பாட்டிக்கு இவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடைசியில், காது கேளாதவரை எப்படி இறக்குவது என்பதையும் அடுத்த ஆளுக்குச் சொல்லி ஒப்படைத்திருக்கிறார். பஸ்ஸுக்கு பஸ் ஆளைக் கைமாற்றிவிடும் இந்த வழக்கம் நம் ஊர்க் கண்டக்டர்களிடம் ரொம்ப நாளாகவே உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள், வழி தெரியாத வெளியூர்க்காரர்கள், டிபன் கேரியர், மருந்துச் சீட்டு என்று எதெல்லாமோ இப்படிக் கைமாறிப் போயிருக்கிறது.

பாட்டியை நான் இவ்வளவு இழுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எல்லாரும் இப்படி நடத்தப்படுவதில்லை. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை நாற்றமடிக்கிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பஸ் நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர் மூன்று பேரும் சஸ்பெண்ட் ஆனார்கள். முதலமைச்சரே கண்டித்தார். அடுத்த சில நாளிலேயே நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தை, மூட்டையை வெளியே எறிந்து இறக்கிவிட்ட வீடியோவும் வந்தது. அதே சீருடை, அதே தோல்பை.

டவுன் பஸ்ஸில் காசில்லாத டிக்கெட் கேட்கும் பெண்களிடம் சில பேருடைய குரல் எப்படி மாறும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவதும் நடக்கிறது. அதனால் ஒரு கண்டக்டர் நல்லவரா என்று எடைபோட, அவர் படித்த, போன் வைத்திருக்கும், நாளைக்குக் கடிதம் எழுதக்கூடிய ஒருவரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது எனக்குப் போதாது. பூக்கூடைப் பாட்டி எந்த எழுத்தாளருக்கும் எழுதப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் உங்கள் ஆளை நான் நம்புகிறேன்.

ஃபேஸ்புக்கில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்படிப் போட்டு நல்லது நடந்ததும் உண்டு, மறுக்கவில்லை. 2018-இல் கேரளத்தில், கொல்லம் மாவட்டம் சவறைக்குப் பக்கத்தில் ஒரு நிறுத்தத்தில் நள்ளிரவில் தனியாக இறங்கிய பெண்ணுக்காக, அவருடைய சகோதரர் வரும்வரை ஓர் அரசு பஸ் காத்து நின்றது. கிட்டத்தட்ட உங்கள் கதைதான். அந்தப் பெண் முகநூலில் எழுதியது கேரளம் முழுக்கப் பரவியது, ஊழியர்களுக்குப் பாராட்டு குவிந்தது. 2020-இல் திருவல்லாவில் ஒரு ஜவுளிக்கடை ஊழியர், உங்களைப் போலவே கடையில் வேலை பார்ப்பவர், பார்வையற்ற ஒரு பெரியவருக்காக பஸ்ஸின் பின்னால் ஓடி, அதை நிறுத்தச் சொல்லி, திரும்ப வந்து பெரியவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டார். எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ எடுத்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அவருடைய நிறுவனத்தின் முதலாளி வீடே பரிசாக அறிவித்தார். அந்த வீடியோவை எத்தனையோ பேர் பார்த்தோம், நின்று கொடுத்த பஸ்ஸின் டிரைவரையும் கண்டக்டரையும் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை. அவர்கள் நிற்காமல் போயிருந்தால் வீடியோவே இல்லை.

உங்கள் ஆள் விஷயம் வேறு. அவர் பஸ் முழுக்கப் பொய் சொல்லி மறைத்த ஒன்றை, பஸ் நம்பரோடு நீங்கள் ஊருக்கு அறிவிக்கப் போகிறீர்கள். வாழ்த்துகிறவர்கள் வாழ்த்துவார்கள். கூடவே, நான்குவழிச் சாலையில் நிறுத்தமில்லாத இடத்தில் எதற்குப் பத்து நிமிடம் நின்றாய் என்று கேட்க ஓர் ஆளும் எங்கேயாவது கிடைப்பார். அன்றைக்குக் கத்திய பயணியே வந்து, நானும் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன் என்று ஆரம்பிக்கலாம். பின்னூட்டத்தில் இரண்டாம் நாள் உங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், அந்த நேரத்தில் இவளுக்கு என்ன வேலை என்று. இதற்காகத்தான் இங்கேயும் ஊர்ப் பெயரை எடுத்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தச் சாலையில் எத்தனையோ மதுரை பஸ் ஓடியிருக்கும், அவரை யாரும் கண்டுபிடிக்க முடியாது. போட்டோ உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

அப்படியானால் ஒன்றும் செய்ய வேண்டாமா என்றால், இரண்டு காரியம் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவருக்கு என்றால் அவருடைய கிளை மேலாளருக்கு. அந்த டிக்கெட் கைப்பையில் எங்கேயாவது கிடக்கிறதா என்று பாருங்கள், எந்த டெப்போ என்று கண்டுபிடிக்க அது உதவும். இல்லாவிட்டாலும் போட்டோவில் இருக்கும் பஸ் நம்பரும் தேதியும் நேரமும் போதும். உங்களுக்காகக் காத்திருந்ததை எழுதாதீர்கள், அதை அவர் இஷ்டப்படி விட்டுவிடுங்கள். பாட்டியை எழுதுங்கள். காது கேளாத ஒரு வயதான பயணியை உங்கள் நடத்துநர் பொறுப்பாக அடுத்த பேருந்தில் ஏற்றி, அங்கிருந்த நடத்துநரிடம் சொல்லி அனுப்பினார், நேரில் பார்த்தேன், நன்றி என்று நாலு வரி. கண்டக்டர்களைப் பற்றி டெப்போவுக்கு எழுத்தில் வருவது பெரும்பாலும் புகார்தான். சில்லறை தரவில்லை, நிறுத்தவில்லை, எரிந்து விழுந்தார் என்று. சித்தப்பாவைப் பாராட்டி ஒரு பள்ளி ஆசிரியை அனுப்பிய தபால் அட்டை ஒன்று உண்டு. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததை ஓய்வு பெறும்போது கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன், நாலு வரி வீண் போகாது.

இனிப்புப் பெட்டி கொடுக்கலாமா என்று தனிக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அவரை மறுபடி பார்த்தால் கொடுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்காது. அதற்காக வருத்தப்படாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முகம் அவருக்கு?

இரண்டாவது காரியம் கொஞ்சம் அலைச்சல். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் போனது ஒரு நல்ல மனிதரின் டியூட்டி அன்று அந்த பஸ்ஸில் இருந்ததால்தான். அடுத்த வாரம் வேறு ஆள். இது அதிர்ஷ்டத்தில் விடக்கூடிய விஷயமா? பைபாஸ் வந்த பிறகு எத்தனையோ ஊர்களில் ராத்திரி பஸ் ஊருக்குள் வராமல் மேம்பாலத்தடியில் ஆளை உதிர்த்துவிட்டுப் போகிறது. கேரள அரசு பஸ்களில், மின்னல் போன்ற நிற்காத வண்டிகள் தவிர மற்றவற்றில், இரவு நேரத்தில் பெண்களும் முதியோரும் கேட்கிற இடத்தில் நிறுத்த வேண்டும் என்று உத்தரவே இருக்கிறது. அங்கே ஒரு கண்டக்டர் அதைச் செய்வதற்குப் புளுக வேண்டியதில்லை.

உங்கள் தொழிலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஜவுளிக்கடைப் பெண்கள் பகல் முழுக்க நிற்க வேண்டும், உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதுதானே பல கடைகளில் நடைமுறை? கொஞ்சம் இரக்கமுள்ள ஃப்ளோர் சூப்பர்வைசர் வாய்த்தால் கூட்டமில்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் சுவரில் சாயலாம். கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் சேர்ந்து வருடக்கணக்கில் போராடி, 2018-இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா, இல்லை காகிதத்தோடு நின்றுவிட்டதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போட்டிருந்தால் இப்போது உட்காருவதற்கு சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய இரக்கத்துக்கு வேறு வேலை கிடைக்கும், தலைவலி என்றால் மாத்திரை வாங்கித் தருவது மாதிரி.

அதுபோல, ராத்திரி பஸ் ஊருக்குள் வந்து போக வேண்டும், முடியாவிட்டால் அந்த மேம்பாலத்தடியில் இரண்டு லைட்டாவது போட வேண்டும் என்று கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். மனுவில் நீங்கள் ஒரு ஆள் மட்டும் கையெழுத்துப் போட்டால் பெட்டிக்குள் போய்விடும். அந்தச் சாலையில் வேலைக்குப் போய் வரும் பெண்கள் உங்கள் ஊரில் எப்படியும் இருபது பேராவது தேறுவார்கள். நர்ஸ்கள் இருப்பார்கள், காலேஜ் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஊருக்குள் வந்து போவதற்கு எத்தனை நிமிடம் கூடுதலாக ஆகும் என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை உங்களுக்கு லீவு கிடைக்காது என்பது தெரியும். அண்ணனை அனுப்புங்கள். பத்திரமாக இறக்கிவிடுவது அவர்கள் வேலை என்று அவர்தானே சொன்னார், அதையே எழுத்தில் கேட்டு, முதல் கையெழுத்தையும் அவரே போடட்டும்.

அன்புடன்,
அக்கா